குருசாமிக்குப் பிடித்த கடற்கரை

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்கள் ராஜபாளையத்தில் சாதாரணமாக என்ன செய்வார்கள்? காலையில் டீக்கடை, சாயங்காலம் கோயில், நடுவில் ஒரு தூக்கம். குருசாமி மட்டும் செல்போனில் உலக வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு ஊர் தேடினார். கடைசிக் காலத்தைக் கடலோரத்தில் கழிக்க வேண்டுமாம். அதுவும் உள்ளூர்க் கடல் ஆகாதாம், வெளிநாட்டுக் கடலாக இருக்க வேண்டுமாம். கடல்தானே வேணும், தூத்துக்குடி பஸ்ஸில் ஏறு என்று டீக்கடையில் சொல்லாத ஆள் கிடையாது. அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே!

மூன்று மாதம் அலசினார். பினாங்கு நல்ல ஊர், கோயில் குளம் எல்லாம் உண்டு என்றார்கள். கூட்டம் அதிகம் என்று தள்ளினார். திருகோணமலை பக்கம்தான் என்றார்கள். நம்ம ஊர் மாதிரியே இருக்கும், அதற்கு எதற்கு ப்ளேன் ஏற வேண்டும் என்று அதையும் தள்ளினார். இதெல்லாம் ஒப்புக்குப் பெண் பார்த்த கதை. மாப்பிள்ளை மனசில் முன்னமே ஒருத்தி இருந்தாள். மொரீஷியஸ் தீவில் மாயேபூர்.

வாலிபத்தில் அந்த ஊர்ப் பக்கம் ஒரு மில்லில் பத்து வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவர் அவர். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் உருகிப்போவார். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் பச்சையும் நீலமுமாகக் கடல். தூரத்தில் சிங்கம் படுத்த மாதிரி ஒரு மலை. வனிலா மணக்கும் டீ, திங்கட்கிழமைச் சந்தையில் சுடச்சுடப் பருப்புப் பூரி. இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்போதே கடல்மேல் மழை வருவது தெரியும். கூட வேலை பார்த்த வீராசாமியும் இவரும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். வீராசாமி அந்த ஊரிலேயே பிறந்தவன். தமிழில் ஒரு வார்த்தை வராது, ஆனால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை.

மேற்கே மலையில் மேகம் இறங்கும்போதெல்லாம் குருசாமி அந்த மழைக் கதையை ஆரம்பித்துவிடுவார். எங்கே பெய்தாலும் மழை மழைதான் என்பாள் சண்முகத்தாய். அவர் மனைவி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அவள் பார்த்த கடல் திருச்செந்தூர்க் கடல் ஒன்றுதான்.

இந்த வருஷம் வீராசாமி கடலைப் பார்த்த மாதிரி ஒரு சின்ன வீட்டைப் பேசிவைத்தான். பிறகென்ன, முதலில் ஆறு மாதம் இருந்து பார்ப்போம் என்று குருசாமி டிக்கெட்டே போட்டுவிட்டார். சண்முகத்தாயிடம் தேதியைச் சொன்னார். அவள் காலண்டரைப் பார்த்து, அன்றைக்கு அஷ்டமி என்று மட்டும் சொன்னாள்.

அதற்கென்ன, பரஸ்தானம் வைத்தால் போச்சு. கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்த பெட்டியைப் பயணம் போகாமல் வீட்டுக்குத் திருப்பக் கூடாது, அது கறாரான சட்டம். வெள்ளிக்கிழமை காலையில் குருசாமி பெட்டியை உருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு அய்யம்மாளிடம் போனார். மூத்தவள், அந்த வீட்டிலேயே வாழ்ந்து பழுத்தவள்.

அவள் பெட்டியை மூலையில் வைக்கச் சொல்லி, மோர் கொடுத்தாள்.

"இந்த வாட்டியாவது நல்லபடியாப் போய்ச் சேருங்க, தம்பி."

எந்த வாட்டி என்று அவருக்கு விளங்கவில்லை. கேட்டார். அய்யம்மாள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் மாயேபூர் போன இரண்டாம் வருஷம், வருகிற சித்திரையில் உன்னையும் கூட்டிப்போகிறேன் என்று சண்முகத்தாயிடம் போனில் சொல்லியிருந்தார் அல்லவா? அவள் அதை நம்பி, நல்ல நாள் பார்த்து, இரண்டு புதுச் சேலையைப் பையில் போட்டு இதே மூலையில் பரஸ்தானம் வைத்தாள். சித்திரை வந்தது, குருசாமி வரவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும், அடுத்த வருஷம் ஆகட்டும் என்றார். அடுத்த வருஷமும் அதே பாட்டு. வைத்த பையைத் திருப்பக் கூடாதே! அது இங்கேயே கிடந்தது. பொங்கலுக்குப் பொங்கல் வந்து சேலைகளை உதறி, வெயிலில் போட்டு, மறுபடி மடித்து வைத்துவிட்டுப் போவாளாம்.

"நீங்க ஒரேயடியா ஊருக்கு வந்து சேந்தீகள்ல, அன்னைக்குத்தான் பையை எடுத்துட்டுப் போனா. ரெண்டு சேலையும் மடிப்புல இத்துப்போச்சு, தம்பி."

குருசாமி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். அம்மாவைச் சாக்கு வைத்தது அவருக்கே தெரியும். தனியாள் என்கிற சுகம் பிடித்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். அட மனுஷா! நீ நினைத்து நினைத்து உருகுகிற அதே நாட்களில்தானே ஒருத்தி இங்கே சேலைக்கு வெயில் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டில் சண்முகத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பையைப் பற்றி ஒரு நாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாள். அதான் இப்போது கூட்டிப்போகிறேனே என்றார். அதற்கும் அவள் கோபப்படவில்லை.

"எந்த ஊரு நல்ல ஊருன்னு மூணு மாசமா டீக்கடை வரைக்கும் கேட்டீக. எங்கிட்டத் தேதிய மட்டுந்தான சொன்னீக."

குருசாமி அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டார்.

"நீ சொல்லு, சம்முகம். உனக்கு எந்த ஊருல இருக்கணும்னு ஆசை?"

கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. அவரையே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எனக்குன்னு ஒரு ஊர நான் யோசிச்சதே இல்லயே. செத்த டயம் குடுங்க."

பெட்டி அய்யம்மாள் வீட்டு மூலையிலேயே இருக்க, சாயங்காலம் குருசாமி வீராசாமிக்குப் போன் போட்டார். அங்கே கற்ற அரைகுறைப் பாஷையில், அந்த வீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். கடலைப் பார்த்த வீடு, விட்டால் கிடைக்காது என்று வீராசாமி பதறினான். உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்றுகூடக் கேட்டான். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டுக்காரி இன்னும் முடிவு சொல்லவில்லை என்றார் குருசாமி.