எங்கள் தெருமூலைத் தவறணை

லண்டன் ஹவுன்ஸ்லோவில் எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலுக்கு நேர் எதிரே, தெருமூலையில், ஒரு பப் இருக்கிறது. அதன் வரலாற்றை என்னிடம் கேட்டால் முழுவதும் சொல்வேன். ஆனால் வெளிப்பக்க வரலாறுதான். முப்பது வருடத்துக்கு மேலாக அதைத் தெருவின் இந்தப் பக்கமிருந்தே பார்த்து வந்தவள் நான்.

நாங்கள் குடிவந்தபோது அதற்கு இரண்டு கதவுகள். ஒன்று வேலை உடுப்போடு வருகிறவர்களுக்கு, மற்றது மனைவியோடு வருகிறவர்களுக்கு. ஜன்னல்களில் பூ வேலை செய்த மங்கல் கண்ணாடி. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. குடிக்கிறவர்களுக்கு நல்ல வசதி என்று நினைத்துக்கொள்வேன். பிறகு நடுச்சுவரை இடித்து ஒரு கதவை அடைத்தார்கள். கூரையில் பெரிய சட்டி போல ஒரு டிஷ் அன்டெனா ஏறியது. சனிக்கிழமைகளில் கோல் விழுந்தால் என் சமையலறைவரை கேட்கும். உள்ளே புகைக்கக் கூடாது என்று சட்டம் வந்ததும் ஆண்கள் எல்லோரும் சிகரெட்டோடு வெளியே வந்து நின்றார்கள். அப்போதுதான் அவர்களின் முகங்களை முதன்முதலாகப் பார்த்தேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர்களின் முகங்கள்தான். அதற்குப் பிறகு வாசலில் பூக்கூடைகள் தொங்கின. பின்பு ஒரு பஞ்சாபிச் சமையல்காரர் வந்தார், தெரு முழுக்கத் தந்தூரிக் கோழி மணந்தது. அடுத்த தெருவில் இருந்த பப் பிளாட்டுகளாகிவிட்டது. ஸ்டேஷனடியில் இருந்தது சூப்பர்மார்க்கெட் ஆகிவிட்டது. இது மட்டும் எப்படியோ மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

என் கணவர் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் கொட்டகையில் வேலை செய்தார். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தால் கூட வேலை செய்பவர்களோடு அங்கே போவார். யாழ்ப்பாணத்தில் கள்ளு விற்கிற இடத்துக்குத் தவறணை என்று பெயர். லண்டன் வந்தும் அந்தச் சொல் எங்களை விட்டுப் போகவில்லை. கம்பளம் விரித்தாலும் பூக்கூடை தொங்கவிட்டாலும் எங்கள் ஆட்களுக்கு அது தவறணைதான், அந்த வாசலில் ஒரு பெண் நிற்பது மரியாதை இல்லை. அவரும் அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார், நானும் கேட்கமாட்டேன். இப்படியே எங்கள் காலம் சண்டை சச்சரவு இல்லாமல் போனது.

போன மாரியில் ஒரு காலை, தேத்தண்ணியோடு நான் மேலே போனபோது அவர் எழும்பவில்லை.

இறந்தவருக்கு எட்டாம் நாள் செய்வதை எட்டுச் செலவு என்போம். அவர் விரும்பிச் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து சாப்பிடுவார் என்பது நம்பிக்கை. அதைச் செய்விக்க அவருடைய அக்கா, என் மச்சாள், குரோய்டனிலிருந்து வந்து என் சமையலறையைக் கைப்பற்றினார். நண்டுக் கறி, ஆட்டிறைச்சிப் பிரட்டல், றால் பொரியல் என்று திட்டம் போட்டுக்கொண்டே வந்தவர், ஜன்னல் பக்கமாக நாடியை நீட்டிக் கேட்டார்.

“அவன் அங்கை என்னதான் குடிச்சவன்?”

இத்தனை வருடம் கூட வாழ்ந்தவருக்கு என்ன குடிக்கப் பிடிக்கும் என்று தெரியாமல் நின்றேன். கோபம் அவர்மேல்தான் வந்தது. மனுசன் சொல்லிவிட்டுச் செத்திருக்கலாம். என் தம்பி, ஆம்பிளைகளுக்கு விஸ்கி வைத்தால் போதும் என்று ஒரு போத்தலைக் கொண்டுவந்தான். ஆனால் அவரிடம் ஒருநாளும் விஸ்கி மணந்ததில்லை. வெள்ளிக்கிழமைகளில் அவரிடம் மணந்தது ஊறிய பாண் ரொட்டியின் மணம். என் கையால் அவருக்குப் படைக்கும் சாப்பாடு இது. அதில் அவருக்குப் பிடிக்காத ஒன்றை வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எட்டுச் செலவுக்கு முதல் நாள் பின்னேரம், மூடியுள்ள எவர்சில்வர் செம்பு ஒன்றைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். தவறணைக்குப் பாத்திரம் கொண்டுதானே போகவேண்டும்? உள்ளே போனதும் ஏமாற்றமாக இருந்தது. முப்பது வருடமாக நான் கற்பனை செய்து வைத்திருந்த இடத்தின் பாதி கூட இல்லை. கம்பளம் எங்கள் முன்னறைக் கம்பளத்தைவிட மோசம். பப்பை நடத்தும் வெள்ளைக்கார அம்மா, என் வயதிருக்கும், என்னைக் கண்டதும் கவுண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டார். அவருடைய தகப்பன் நடத்திய பப்; நாங்கள் குடிவந்த காலத்திலிருந்தே அவர் அங்கே வேலை செய்கிறார். இத்தனை காலமும் அவர் பப்பின் மாடி ஜன்னலிலும் நான் என் ஜன்னலிலும் நின்று கையசைத்ததோடு சரி.

எட்டுச் செலவைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். செம்பை மேசையில் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை. சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினார்; டார்ட்ஸ் அம்பு எறியும் கோஷ்டியின் நடுவில் என் கணவர், மீசையோடு, நான் தோய்த்து அயர்ன் பண்ணிய சட்டையில். வந்த புதிதில் ஒரு கறுத்த பியர் குடித்தாராம். அதைச் செய்கிற கொம்பனி நிறுத்தியபோது செத்த வீடு மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாராம். பிறகு பலதையும் பார்த்துவிட்டு, கைப்பம்பில் இழுக்கிற ஒரு செம்பழுப்பு பியரில் வந்து நின்றாராம். அது போத்தலில் வராது. செம்பில் கொண்டுபோனால் நாளைக்கு நுரையும் இருக்காது, உயிரும் இருக்காது என்று செம்பை என் பக்கமே தள்ளிவிட்டார். படைக்கிற நேரத்தை மட்டும் சொல்லச் சொன்னார்.

மறுநாள் மதியம், ததும்பும் கிளாஸின் மேல் ஒரு சோஸரைக் கவிழ்த்துப் பிடித்தபடி பப்புக்கார அம்மா தெருவைக் கடந்து வந்தார். ஒரு வான் நின்று வழிவிட்டது. பப் வாசலில் நாலைந்து பேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். எங்கள் வாசலில் அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கிளாஸை இலையடியில் எங்கே வைப்பது என்று கேட்டார். மச்சாள் என் காதுக்குள், “தவறணையையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டாய்,” என்றார். ஆனால் நண்டுக் கறியைத் தள்ளி இடம் விட்டது அவர்தான்.

கர்ப்பூரம் காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் அறைக்கு வெளியே ஒடுங்கிய நடைவழியில் வந்து நெருக்கியடித்து நின்றோம். உள்ளே என்ன நடக்கிறது என்று அந்த அம்மா மெல்லக் கேட்டார். அவர் வந்திருக்கிறார், சாப்பிடுகிறார் என்றேன். வழக்கமாக வருகிற ஆள் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டது போலத் தலையை ஆட்டிக்கொண்டார்.

சற்றுநேரத்தில் மச்சாள், போதும் திற என்று கண்ணைக் காட்டினார். நான் கதவுப்பிடியில் கையை வைத்தேன். பப்புக்கார அம்மா என் மணிக்கட்டைத் தொட்டு ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அதை எங்கள் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

“அவர் மெதுவா, ஆறுதலாத்தான் குடிப்பார். இன்னும் கொஞ்சம் பொறுத்துத் திறவுங்கோ.”

அந்த எட்டு நாளில் அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிடியிலிருந்து கையை எடுத்தேன். அவர் குடித்து முடிக்கட்டும் என்று எல்லோரும் அப்படியே நின்றோம்.