ஜமா சேரட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை மகளின் சைக்கிளுக்கு நானே பஞ்சர் ஒட்டினேன். டியூபில் சொல்யூஷன் தடவி, காயட்டும் என்று வாயால் ஊதினேன். அந்த வாசனை நேராக மூக்கில் ஏறி, நான் வேலை பார்த்த ஆம்பூர் ஷூ கம்பெனிக்குள் என்னைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டது. சோல் ஒட்டுகிற சொல்யூஷனும் கிட்டத்தட்ட இதே வாசனைதான். கல்யாணமான புதிதில் என் மனைவி, "பிரியாணி தின்னுட்டு வந்தாலும் உங்க சட்டையில சொல்யூஷன்தான் மணக்குது" என்பாள். ஆம்பூர்க்காரனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம், நீங்களே சொல்லுங்கள்!

அப்போதெல்லாம் ஷிப்ட் விட்டால் சைக்கிள்தான். கம்பெனி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், வீடுகள் இந்தப் பக்கம். நடுவில் லாரிகள். யாரும் தனியாகத் தாண்ட மாட்டோம். ரோட்டோரம் காலை ஊன்றிக்கொண்டு நிற்போம். என் பக்கத்து மெஷின் அன்வர்தான் முன்னால் நின்று கையைக் காட்டித் தடுப்பான்.

"அவசரப்படாதீங்கப்பா, ஜமா சேரட்டும். ஒத்த சைக்கிள்னா லாரிக்காரன் கண்ணுக்குக் கொசு. கூட்டமா போனா கல்யாண ஊர்வலம்!"

ஆட்கள் சேர்ந்ததும் அவன் பெல்லை அடிப்பான். எல்லோரும் அடித்துக்கொண்டே இறங்குவோம். பள்ளிகொண்டா பக்கமிருந்து பறந்து வந்த லாரி முனகிக்கொண்டே நிற்கும். அந்த நேரத்தில் எனக்கு வருகிற திமிர் இருக்கிறதே, எம்.எல்.ஏ.வுக்குக்கூட வராது.

அந்தத் திமிர்தான் இப்போது என்னை மாட்டிவிட்டது. மகளின் பள்ளிக்கூடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். அவளைச் சைக்கிளில் அனுப்பப் பயமாக இருக்கிறது, கார் வாங்கலாம் என்றாள் மனைவி. "ஆளுக்கொரு சைக்கிள் இருக்கு, கார் எதுக்கு பேஜாரு?" என்று நான் சவடால் விட்டேன். மகளும் என் கட்சி.

"சரி, நாளைக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க. தெம்பா ரோடு தாண்டிட்டீங்கன்னா, நான் கார் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள் மனைவி.

போனோம். ரோடு எவ்வளவு அகலமாகிவிட்டது என்பது சைக்கிளில் நின்று பார்த்தால்தான் தெரிகிறது. பழக்க தோஷம், ஓரத்தில் காலை ஊன்றி நின்றேன். கம்பெனி பஸ்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. மற்றவர்கள் பைக்கில் சீறிக்கொண்டு போனார்கள். சைக்கிள் ஒன்றுகூட வரவில்லை. பெல்லை அடித்துப் பார்த்தேன், எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"இன்னாப்பா, ஏன் நிக்கிறோம்?"

"இரும்மா, இன்னும் நாலு பேர் வரட்டும்."

"யாருப்பா வருவாங்க?"

அன்வர் என்று சொல்லலாமென்றால், அவனே போன வருஷம் கார் வாங்கிவிட்டான். பழைய சைக்கிள் கூட்டத்தில் மற்றவர்கள் அவனுக்கும் முன்பே வாங்கியாயிற்று. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரோடு தாண்டத் தெரியாமல் நிற்கிற அப்பாவாகிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெல் அடிக்கிற நேரம் நெருங்கியதும் சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தோம்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். குத்திக்காட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மகளின் பையை வாங்கிக்கொண்டு ஆட்டோவுக்குப் போன் போட்டாள்.

அடுத்த வாரம் கார் வருகிறது. அன்வருக்குப் போன் செய்து சொன்னேன். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

"வா தோஸ்த்! எல்லாரும் வந்துட்டோம், நீதான் பாக்கி இருந்தே. இப்பதான் ஜமா சேர்ந்துச்சு!"