சிவப்புத் தண்ணீருக்குப் பின்னால் ஒரு விளக்கு

பெரிய மனிதர் யாராவது பார்வையிட வருகிறார் என்றால், எங்கள் ஆய்வுக்கூடத்தில் முதலில் நடக்கும் வேலை தண்ணீருக்குக் கலர் போடுவது. பெர்மாங்கனேட் போட்டால் சிவப்பு. மயில்துத்தம் போட்டால் நீலம். பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, சுருள் சுருளாகக் குழாய்களை மாட்டி, அடியில் காற்றை ஊதிவிட்டால் குபுகுபுவென்று கொதிப்பது போல இருக்கும். அதில் ஆராய்ச்சி எதுவும் கிடையாது. சோடாக் கடைக்காரன் இவர்களைவிட யோக்கியன். அவன் கலர் தண்ணீரைக் கலர் என்று சொல்லித்தான் விற்கிறான்.

யுத்தத்துக்கு முன்னால், பெங்களூரில் அந்த விஞ்ஞான நிலையத்தில் நான் ரசாயன ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஸ்ரீராம்புரத்திலிருந்து தினமும் நடந்தே போவேன். அப்பா மில்லில் நெசவுப் பிரிவு. எங்கள் சந்தில் பி.ஏ. படித்தவனே கிடையாது. நான் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறேன் என்றதும், ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்து ஆளாளுக்கு வயிற்றுவலியைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். அவர்களை நான் கேலி செய்யவில்லை. தெரியாதவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். எல்லாம் தெரிந்தவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் சோதனை எளிமையானது. சந்தன எண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருள் தண்ணீரில் மெல்ல மெல்ல உடைந்து அமிலமாகும். எவ்வளவு வேகத்தில் உடைகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, வாயை உருக்கி மூடி, ஒரு வெந்நீர்த் தொட்டிக்குள் போட்டு வைத்திருந்தேன். தினம் ஒரு குப்பியை எடுத்து உடைத்து அமிலத்தை அளப்பேன். நாற்பத்தொரு நாள், நாற்பத்தொரு குப்பி. இதில் ஒரே ஒரு நிபந்தனைதான். தொட்டியின் சூடு முப்பத்தைந்து டிகிரியிலிருந்து அசையக்கூடாது. சூடு இறங்கினால் உடைவது மெதுவாகிவிடும். அப்புறம் அந்தக் கணக்குக்கு ஒரு மரியாதையும் இல்லை.

தொட்டியை நானே கட்டினேன். மரப்பெட்டி, சுற்றிலும் மரத்தூள், அதன்மேல் கோணிச்சாக்கு. தண்ணீரைச் சூடாக்க உள்ளே நாலு மின்சார பல்புகள். சூடு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க, தண்ணீரைக் கலக்க ஒரு மோட்டார். மோட்டாருக்கு ஒரு ப்ளக், பல்புகளுக்கு இன்னொரு ப்ளக். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் இருபத்தெட்டு நாளும் அது நூலிழை பிசகவில்லை. ஆய்வேடு கொடுக்க வேண்டிய நாளுக்குச் சரியாக இரண்டு மாதம் இருந்தது. இன்னொரு தடவை முதலிலிருந்து செய்ய நேரம் கிடையாது. இது ஒழுங்காக முடிந்தால் பட்டம், முடியாவிட்டால் இரண்டு வருஷமும் வீண்.

இருபத்தெட்டாம் நாள் சாயங்காலம் எங்கள் பேராசிரியர் ஆய்வுக்கூட ஹாலுக்குள் வந்தார். மூன்று தலைமுறையாக சமஸ்தான உத்தியோகத்தில் இருந்த குடும்பம். தலைப்பாகையில் ஒரு மடிப்புக் கலையாது. மறுநாள் காலை சமஸ்தானத்துப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்றார். என் தொட்டியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, மாட்டுக்குத் தவிடு கலக்குற தொட்டி மாதிரி? வராந்தாவுக்கு நகர்த்திடு."

"நகர்த்தினா எல்லாம் போச்சு சார். இன்னும் பதிமூணு நாள் இருக்கு."

"சரி, சரி, இருக்கட்டும். மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடலாம். அவர் பேசறப்போ மட்டும் மோட்டாரை நிறுத்தணும். அரைமணி. சரிதானே?"

அரைமணி மோட்டார் நின்றால் கெட்டுப்போகாது. பல்புகள் எரிந்தால் போதும். சரி என்றேன். ஹாலைக் கழுவித் துடைத்து அலங்காரம் செய்யவேண்டும் என்று மாணவர்களையெல்லாம் வெளியே அனுப்பினார்கள். அட்டெண்டர் மட்டும் உள்ளே இருந்தான். லிங்கராஜபுரத்துக்காரன், என்னைவிடப் பத்து வயது மூத்தவன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடுகிறவன். வேலை முடிந்ததும் கதவைப் பூட்டிச் சாவி பேராசிரியரிடம் போய்விட்டது.

மறுநாள் அந்த அதிகாரி வரவில்லை. ஏதோ அவசரமாம், நாளைக்கு வருவாராம். அலங்காரம் கலைந்துவிடும் என்று ஹாலைத் திறக்க மறுத்துவிட்டார்கள். ஒரு நாள் அளவு போச்சே என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஆனாலும் போய்க் கதவில் காதை வைத்துக் கேட்டேன். மோட்டார் 'கொர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும், தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போய்க் காபி குடித்தேன். என்னை நானே இன்றுவரை மன்னிக்காத காபி அது.

அடுத்த நாள் பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். எங்களுக்கெல்லாம் வெள்ளைக் கோட்டு மாட்டி, ஆளுக்கொரு குடுவை பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். என் பங்குக்கு வந்தது சிவப்பு. என் தொட்டிக்குப் பக்கத்திலேயே அதை வைத்திருந்தார்கள். குடுவைக்குப் பின்னால் வரிசையாக விளக்குகள், தண்ணீர் மாணிக்கம் மாதிரி ஜொலித்தது. நான் அந்த விளக்குகளின் ஒயரைப் பார்த்தேன். அது எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தேன். போய் முடிந்த இடம் என் பல்புகளின் ப்ளக்.

வெள்ளைத் துணிக்கடியில் கையை விட்டுத் தொட்டியில் விரலை வைத்தேன். கிணற்றுத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது. மார்கழிக் குளிரில் நாற்பது மணி நேரத்துக்கு மேல் பல்பு எரியாமல், மோட்டார் மட்டும் பச்சைத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்து அதிகாரி என் முன்னால் வந்து நின்றார். "இதில் என்ன இருக்கிறது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"தண்ணீர்," என்றேன். "கலர் போட்ட தண்ணீர்."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்ததால் அவர் பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள், அவர்கள் சிரித்ததால் பேராசிரியரும் சிரித்தார். "எங்கள் பையன்களுக்கு அடக்கம் அதிகம்," என்றார். அதிகாரி என் தோளைத் தட்டிவிட்டு நீலத் தண்ணீரைப் பார்க்கப் போனார். உண்மையைச் சொன்னால் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்கிற கூட்டம். இவர்கள்தான் நாட்டுக்கு விஞ்ஞானத்தைக் கொண்டுவரப் போகிறவர்கள்.

எல்லாரும் போனபிறகு அட்டெண்டரைப் பிடித்தேன்.

"ஏன்யா ப்ளக்கைப் புடுங்குன?"

"நான் இன்னா சார் பண்றது? அந்தப் பக்கம் ப்ளக் ரெண்டுதான் கீது. நம்ம புரொபசரு வந்து பாத்தாரு. சிவப்புத் தண்ணி சொகமா இல்ல, கஷாயம் மாதிரி கீது, பின்னால லைட் வைன்னாரு. வச்சேன்."

"சூடு போயிடும்னு தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும் சார். அவராண்ட சொன்னேன். 'சும்னே இரு, பேசாதே, மோட்டார்தான் ஓடுதே'ன்னாரு. அவரு டாக்டர். நான் யாரு, பாட்டிலு கழுவுறவன்."

பெரிய படிப்பு படித்தவருக்கு, சூடு பல்பிலிருந்து வருகிறது, மோட்டாரிலிருந்து அல்ல என்று பாட்டில் கழுவுகிறவன் சொல்லவேண்டியிருந்தது. சொல்லியும் ஏறவில்லை.

மீதிக் குப்பிகளையும் நாற்பத்தொன்றாம் நாள்வரை அளந்து, எல்லா அளவுகளையும் கிராப் தாளில் புள்ளிகளாக வைத்துக் கோடு போட்டேன். முதல் இருபத்தெட்டுப் புள்ளிகளும் கோட்டுக்கு மேலும் கீழுமாகக் கொஞ்சம் சிதறி, ஆனால் ஒரே திசையில் போயின. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் படி இறங்கினது போலக் கீழே கிடந்தன. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டி, மூன்று மாதம் அவகாசம் கேட்டேன்.

"அவகாசத்துக்குக் காரணம் எழுதணுமேப்பா. என்னன்னு எழுதுவே?"

"நடந்ததை எழுதுறேன் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் வேண்டாம். இருபத்தெட்டு நல்ல புள்ளி இருக்கே. கோடு எங்கே போறதுன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஸ்கேலை வச்சு நீட்டு. பதிமூணு புள்ளியை அது மேலே வை. இயற்கை என்ன, நடுவிலே மனசு மாறப் போறதா?"

நான் மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மகன் டாக்டராகப் போகிறான் என்று வீட்டில் அம்மா ஏற்கெனவே சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அதைக் காரணமாகச் சொன்னால் அதுவும் கலர் தண்ணீர்தான். எனக்குப் பட்டம் வேண்டும், அதனால் செய்தேன். ஆனால் ஒன்று செய்தேன். பொய்ப் புள்ளி வைக்கிறவன் அதையும் கொஞ்சம் சிதறவிட்டுத்தான் வைப்பான். நான் பதிமூன்றையும் கோட்டின் மேல் ஆணி அடித்தது போல வைத்தேன். கண்ணுள்ள எவனாவது பார்த்தால், மனிதன் கையால் அளந்த அளவு இப்படி வராது என்று கண்டுபிடித்துக் கேட்கட்டும். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று இருந்தேன்.

ஆய்வேடு கப்பலேறிச் சீமைக்குப் போனது. அங்கே ஒரு பெரிய விஞ்ஞானி பரிசோதகர். ஐந்து மாதம் கழித்து அவருடைய அறிக்கை வந்தது. பேராசிரியர் எல்லாரையும் கூட்டிவைத்து அதைச் சத்தமாக வாசித்தார். ஆரம்பத்தில் எடுத்த அளவுகளில் ஓரளவு தடுமாற்றம் தெரிகிறது, ஆனால் கடைசிப் பதிமூன்று நாட்களில் மாணவரின் கை நன்றாகப் பழகிவிட்டது, அந்தப் பகுதி மிகவும் பாராட்டத்தக்கது என்று அதில் எழுதியிருந்தது. பட்டம் கொடுக்கச் சிபாரிசு செய்திருந்தார். பேராசிரியர் வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த முகத்தில் வெட்கம் துளிகூட இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

வெளியே வராந்தாவில் அட்டெண்டர் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் வேறு யாரோ வருகிறார்களாம்.

"பாஸா சார்?"

"பாஸ்."

"அப்புறம் இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வச்சிக்கினு கீறே?"

அறிக்கையில் இருந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கையில் இருந்த குடுவையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அப்போ அந்த ஸ்கேலுக்குத்தான் சார் டிகிரி குடுக்கணும்."

நான் சிரிக்கவில்லை. அவன் திரும்பவும் குடுவையை எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த சிவப்புக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தான்.