திமிர் என்றார் அத்தான்

போன கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். லாலாகுடாவில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸில் நடந்தது இது. சைனிக்புரியில் இருக்கும் என் கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுபவர், சர்ச் முடிந்து சாப்பிட வந்திருந்தார்.

எங்கள் ஆண் பூனை லட்டு, குட்டியிலிருந்தே மணல் போட்ட டப்பாவில்தான் ஒன்றுக்குப் போகும். அந்த வாரம் மட்டும் தலையணை, மெத்தை என்று கண்ட இடத்தில் சொட்டுச் சொட்டாக நனைத்தது. துடைத்துத் துடைத்து எனக்கே அலுத்துவிட்டது. அன்று அத்தான் உட்கார்ந்திருந்த சோபாவிலேயே போய்க் குந்தியது.

நாய் வளர்த்துப் பழக்கப்பட்டவர் அத்தான். லட்டுவின் பிடரியைப் பிடித்து, அதன் மூக்கை ஈரத்தில் வைத்துத் தேய்த்தார். “திமிரு! ரெண்டு நாள் சோறு போடாதம்மா, தானா வழிக்கு வரும்” என்றபடி அதை பாத்ரூமுக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். “நக்கோ பெரியப்பா, நக்கோ! வேணாம்!” என்று என் மகள் கத்தினாள். என் கணவரோ தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. லட்டு பசியில் கத்துவது எனக்குத் தெரியும். இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எழுந்து போனேன்.

“திறக்காதம்மா, செல்லம் குடுத்துக் கெடுக்காத.”

திறந்தேன். லட்டு தரையில் குந்தி முக்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. வெள்ளை டைல்ஸில் ஒரு சொட்டு ரத்தம் மட்டும்.

கல்யாணமான நாளிலிருந்து அத்தானை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று கத்தினேன். “இதுவா அத்தான் திமிரு? வந்து பாருங்க! ஒண்ணுக்குப் போக முடியாம துடிக்குது. அதோட மூக்கைப் போய்த் தேய்ச்சீங்களே!” அவர் எழுந்து வந்துகூடப் பார்க்கவில்லை. கணவரிடம், “நீங்க நிதானமா சாப்பிடுங்க. நான் ஆட்டோல போய்க்கிறேன்” என்றேன். அவர் கைகூடக் கழுவாமல் பின்னால் ஓடிவந்தார். அதற்கும் என் கோபம் அடங்கவில்லை.

பக்கத்து கிளினிக் பூட்டியிருந்தது. சனத்நகரில் ஒன்று திறந்திருந்தது. அடிவயிற்றைத் தொட்டதுமே டாக்டரம்மாவின் முகம் மாறியது. சிறுநீர்க்குழாய் அடைத்து, பை கல் மாதிரி வீங்கியிருந்ததாம். ஆண் பூனைகளுக்கு இது அதிகம் வருமாம். இன்னும் தாமதித்திருந்தால் உயிர் போயிருக்கும் என்றார். டப்பாவில் உட்கார்ந்தாலே வலித்ததால்தான் அது வேறு இடம் தேடியிருக்கிறது என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

டியூப் போட்டு, சில நாள் அங்கேயே வைத்திருந்து அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்னபடி, வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்த டப்பாவை சத்தமில்லாத மூலைக்கு மாற்றினோம். இன்னொன்றும் வைத்தோம். வாசனையில்லாத மணல், தண்ணீர் சேர்ந்த சாப்பாடு. தினமும் டப்பாவைச் சுத்தம் செய்வது என் கணவரின் வேலை. லட்டு அதன்பிறகு எங்கேயும் நனைக்கவில்லை.

நடந்ததெல்லாம் தெரிந்த பிறகும் அத்தான் போனில் சிரித்தார். “என்னம்மா, பூனை வழிக்கு வந்துருச்சா?”

“இனிமே அதுமேல கை வெச்சீங்கன்னா எங்க வீட்டுக்கே வராதீங்க அத்தான்” என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

குடும்பத்தில் எனக்கு வாய்க்கொழுப்பு என்று இப்போது பேர். இருக்கட்டும். எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத உயிர்மேல் யாராவது கை ஓங்குவதைப் பார்த்தால் அன்று வந்த கோபம் இன்றும் அப்படியே வருகிறது. அது என்றைக்கும் தணிய வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.