சம்பந்தியம்மாவின் சொற்குடும்பங்கள்

என் மகள் மொழிபெயர்க்க மாட்டேன் என்று சொன்ன அன்றுதான் நான் மறுபடியும் ஆங்கிலம் படிக்கத் தொடங்கினேன். படிப்பித்தவர் எனக்குச் சம்பந்தியாக வரவிருந்த பெண்மணி. தான் படிப்பிக்கிறோம் என்பது அவருக்கே தெரியாது.

மகள் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் பிறந்து வளர்ந்தவள். பல்கலைக்கழகத்தில் படித்தபோது, செக் நாட்டிலிருந்து ஒரு தவணை படிக்க வந்தவனைக் கண்டாள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அவர்கள் தங்களுக்குள் கதைப்பது ஆங்கிலத்தில். நல்ல பிள்ளை. எங்கள் வீட்டுக்கு வந்தால் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். அந்த ஒன்றுக்காகவே என் மனுசன் பாதிச் சம்மதம் கொடுத்துவிட்டார். கல்யாணம் முடிந்ததும் அங்கே போய், மாப்பிள்ளையின் தாய் வீட்டு மேல்மாடியில் குடியிருப்பதாக ஏற்பாடு. மாப்பிள்ளைக்கு வாரத்தில் பாதி நாள் வெளியூரில் வேலை. தகப்பன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். ஆக, என் பிள்ளையோடு எந்த நேரமும் ஒரே வீட்டில் இருக்கப்போகிறவர் அந்தத் தாய் மட்டும்தான்.

எனக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் பிள்ளை விழும்போது அந்த மனுசி பக்கத்தில் வருவாரா, பயந்து கதவைச் சாத்துவாரா?

மகளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. குளிசை போடுகிறாள், பெரும்பாலும் அடங்கியிருக்கும். நித்திரை குறைந்தால், காய்ச்சல் வந்தால், சிலவேளை ஒரு காரணமும் இல்லாமல், வந்துவிடும். மாப்பிள்ளைக்குத் தெரியும். மொண்டெல்லோ கடற்கரையில் அவன் கண்முன்னாலேயே ஒருமுறை விழுந்திருக்கிறாள். தாய்க்குச் சொல்லிவிட்டாயா என்று கேட்டால், சொன்னேன் சொன்னேன் என்பான். ஆம்பிளைப் பிள்ளைகள் தாய்க்கு ஒன்றைச் சொல்லுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா? தலைச்சுற்று மாதிரி ஏதோ என்று சொல்லி முடித்திருப்பான்.

யாழ்ப்பாணத்திலிருந்து மச்சாள், என் மனுசனின் அக்கா, போன் எடுத்தார். தாலி ஏறும்வரைக்கும் மூச்சுக் காட்டாதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எங்கள் சனத்துக்கு இது பழக்கம். பெண்ணின் சாதகத்தை வெளியே கொடுப்போம், குளிசைப் பெட்டியை அலுமாரிக்குள் பூட்டுவோம். கல்யாணம் முடிந்து மாமியார் பெட்டியைக் கண்டுபிடித்து, பெண்ணையும் பெட்டியையும் சேர்த்துத் திருப்பி அனுப்பிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை என்ன களவுச் சாமானா, மூடிக் கட்டி ஒருவர் தலையில் தள்ளிவிட? மச்சாள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் மகளிடம் சொன்னேன். சம்பந்தி எங்களைப் பார்க்க வரும்போது நானே நேரில் சொல்லப்போகிறேன், நீ அதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் போதும் என்று. அவள் முகம் கடுத்துவிட்டது.

"சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ அம்மா. ஆனா என்ரை வலிப்பு வருத்தத்தை நானே நிண்டு மொழிபெயர்க்க மாட்டன். பஸ்தா, அவ்வளவுதான்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் இன்னும் கூடியது. மாப்பிள்ளையைக் கேட்கலாம், ஆனால் அவன் வாய் வழியாகப் போனால் அது திரும்பவும் தலைச்சுற்றாகித்தான் போய்ச்சேரும். சரி, யாரும் வேண்டாம், நானே சொல்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

முடிவெடுப்பது லேசு. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தின்மேல் இந்த ஊர் இத்தாலியன் ஏறி உட்கார்ந்து எத்தனையோ வருடம். அந்த இத்தாலியனும் வேலைவீட்டு இத்தாலியன்: துடை, மடி, கொதிக்க வை, கீழே போய் வாங்கி வா. சம்பந்திக்கோ அதுவும் தெரியாது. அவர் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவர். பிள்ளைகளுக்காக இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறார் என்று மகள் எப்போதோ பெருமையாகக் காட்டியிருந்தாள். ஒரே வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொற்களைக் குடும்பம் குடும்பமாக உட்காரவைத்து, பொருள் என்ன, எங்கே பிறந்தது, செக் மொழியில் என்ன என்று எழுதியிருப்பார். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் ஆள்விட்டு அந்தக் குடும்பத்தை விசாரிப்பது எங்கள் வழக்கம். செக் நாட்டில் நான் யாரைப் போய் விசாரிப்பது? அவர் எழுதிவைத்த குடும்பங்களையே விசாரிக்கத் தொடங்கினேன்.

நான் வேலைக்குப் போகும் வீட்டு எசமானியைச் சிஞ்ஞோரா என்பேன்; அவர் வீட்டில் உடுப்பு அயன் பண்ணும்போது போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைப்பேன். ஒரு கட்டில் விரிப்புக்கு ஒரு குடும்பம், ஒரு தலையணை உறைக்கு ஒரு சொல். விரிப்பை மடிக்கும்போது குடும்பம் முழுவதும் வாயில் வரவேண்டும். வராவிட்டால் திரும்ப விரித்து முதலிலிருந்து அயன் பண்ணுவேன். அந்த மாதங்களில் சிஞ்ஞோராவின் விரிப்புகள் மினுங்கிய மினுக்கம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என்ன முணுமுணுக்கிறாய், செபமா என்று சிஞ்ஞோரா கேட்டார். ஓம், செபம்தான் என்றேன்.

முதலில் அகப்பட்ட குடும்பம் கெஸ்ட், ஹோஸ்ட், ஹொட்டேல், ஹொஸ்பிட்டல், ஹொஸ்டைல். விருந்தாளியும் விருந்து வைக்கிறவரும் விரோதியும் ஒரே வேரில் வந்தவர்கள் என்று எழுதியிருந்தார். வாசலில் வந்து நின்ற அந்நியனுக்கு வைத்த பெயராம். உள்ளே எடுத்தால் விருந்தாளி, சண்டைக்கு வந்தால் விரோதி. செக் மொழியில் ஹொஸ்த் என்றால் விருந்தாளி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சொல்லை உண்டாக்கியவர்களும் சம்பந்தி எடுத்தவர்கள்தான் போலிருக்கிறது. எங்கள் ஆசுப்பத்திரியும் கடல் கடந்து வந்த அதே வீட்டுப் பிள்ளை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் செக்காரர் ஆசுப்பத்திரியை அந்தக் குடும்பத்தில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு நோய் என்றால் நெமொத்ஸ்; அதை வைத்துத்தான் ஆசுப்பத்திரிக்கும் பெயர். நெமொத்ஸைப் பிரித்தால் சக்தி இல்லாமை என்று வரும் என ஒரு வரி போட்டிருந்தார். நான் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாங்களும் அப்படித்தானே சொல்கிறோம். அவவுக்கு ஏலாது, ஏலாமல் கிடக்கிறா என்கிறோம். நோயைச் சாபம் என்றோ வெட்கம் என்றோ சொல்லாமல் ஏலாமை என்று சொல்லுகிற ஆட்கள் என்றால் கொஞ்சம் நம்பலாம்போல் இருந்தது. கொஞ்சம்தான்.

பிறகு கியூர், கியூரியஸ், செக்கியூர், ஷுவர். லத்தீனில் கூரா என்றால் அக்கறை, கவலை. கவலை விலகினால் செக்கியூர். அது வாய்க்கு வாய் தேய்ந்து ஷுவர் ஆயிற்றாம். கெயார் என்ற சொல் இந்தக் குடும்பமில்லை, ஏமாறாதீர்கள் என்று தடித்த எழுத்தில் எச்சரித்திருந்தார். முகச்சாயல் ஒன்று, ஆனால் சொந்தமில்லை. கெயார் தொடக்கத்தில் துக்கம் என்ற பொருளில் இருந்த சொல்லாம். செக்கிலும் ஒருவரைப் பராமரிப்பதற்கும் அவரை நினைத்துக் கவலைப்படுவதற்கும் ஒரே வேர்தானாம். ஊரார் வீட்டு வயதானவர்களைக் கழுவித் துடைத்துச் சீவிக்கிற எனக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. என்றாலும் ஒரு மனுசி உட்கார்ந்து இதையெல்லாம் யோசித்து எழுதியிருக்கிறாரே என்று அவர்மேல் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. அந்தச் சொற்களை வைத்தே என் பேச்சைக் கட்டிப் பாடமாக்கினேன்.

பங்குனிக் கடைசியில் சம்பந்தி வந்தார். உயரமான மனுசி, அதிகம் பேசாதவர். தானே சுட்ட கேக்கை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ஞாயிறு மத்தியானம் ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சாப்பாடு. முதல்நாளே கபோச் சந்தைக்குப் போய் நல்ல வாள்மீன் வாங்கிக் குழம்பு வைத்து, இடியப்பம் அவித்து, சொதியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் செய்தேன். எங்கள் குசினியிலேயே சாப்பாட்டு மேசையும் இருக்கிறது. எல்லாரையும் உட்காரவைத்து நான் நின்று பரிமாறினேன்.

மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள். சம்பந்தி கரண்டியைத் தொடவில்லை. உறைப்புக்குப் பயப்படுகிறாராக்கும் என்று சொதியை அவர் பக்கம் தள்ளினேன். அதையும் தொடவில்லை. நீங்கள் உட்காருங்கள் என்றார். நீங்கள் சாப்பிடுங்கள், நான் பிறகு என்றேன். வந்தவர் சாப்பிட்டு எழும்பும்வரை வீட்டுக்காரி உட்காரமாட்டாள், அதுதான் எங்கள் மரியாதை. வீட்டுக்காரி உட்காருவதற்கு முன் கரண்டி எடுப்பது அவர்களுக்கு மரியாதைக்கேடு என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் உட்காருங்கள் என்கிறார், நான் சாப்பிடுங்கள் என்கிறேன். இடியப்பம் காய்கிறது. சொதியில் ஆடை படர்கிறது. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு, உட்காருங்கோ என்பதைச் சிசிலிக்காரி மாதிரி "அஸ்ஸெத்தாத்தி" என்று அதட்டினாள். நான் அசையவில்லை. எங்கள் கையால் ஒரு வாய் சாப்பிட மனமில்லாதவர் என் பிள்ளையை எப்படித் தொட்டுத் தூக்குவார் என்று நினைத்தேன்.

சம்பந்தி எழும்பினார். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அடுப்படியில் எனக்குப் பக்கத்தில் நின்றார். தாய் எழும்பினதைக் கண்டு மாப்பிள்ளை துள்ளி எழும்பினான். என்ன ஏதென்று விளங்காமல் என் மனுசனும் வாய்க்குள் இடியப்பத்தோடு எழும்பி நின்றார். கோயில் அன்னதானத்தில் இடம் கிடைக்காத ஆட்கள் மாதிரி எல்லாரும் கோப்பையும் கையுமாக நிற்கிறோம். இந்த மனுசி என்னைவிடப் பிடிவாதக்காரி என்று விளங்கியது. போய் உட்கார்ந்தேன். அவரும் வந்து உட்கார்ந்து, கரண்டியை எடுத்து, நன்றாகவே சாப்பிட்டார்.

இனி ஒத்திப்போட்டால் ஒருநாளும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. பாடமாக்கியதில் பாதி மறந்துபோயிற்று. மிச்சத்தைச் சொன்னேன். என் மகளுக்கு நெமொத்ஸ் இருக்கிறது. வலிப்பு. விழுவாள். அதற்குக் கியூர் இல்லை. நான் தூரத்தில் இருப்பேன், நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். நான் ஷுவராக இருக்கவேண்டும்.

மகள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏனப்பா இப்ப என்று என் மனுசன் தமிழில் முனகினார். சம்பந்தி கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். மறுக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். மறுத்தாலும் இங்கேயே, என் முகத்துக்கு நேரே மறுக்கட்டும் என்று நானும் பார்வையை எடுக்கவில்லை.

அவர் எனக்கு விளங்கவேண்டும் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகன் நோயின் பெயரைச் சொன்னான், நான் அதைப்பற்றி வாசித்தேன், ஆனால் வாசித்தால் கைக்கு வந்துவிடாது என்றார். பிறகு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பி, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, வெளியே போக உடுத்திவந்த நல்ல நீலச் சட்டையோடு எங்கள் குசினித் தரையில் நீட்டிப் படுத்துவிட்டார்.

"ஷோ மீ" என்றார்.

நான் முழங்காலூன்றி அவர் தோளைப் பிடித்தேன். அந்த நேரம் மகள் எழும்பினாள். கோபித்துக்கொண்டு அறைக்குள் போகப்போகிறாள் என்று பயந்தேன். அவள் வந்து, சம்பந்தியின் தலைக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துத் தள்ளி வைத்தாள்.

"முதல்ல சுத்திவரக் கிடக்கிறதைத் தள்ளவேணும் அம்மா. அதை மறந்திட்டீங்கள்."

சொல்லிவிட்டு அதையே ஆங்கிலத்தில் சம்பந்திக்கும் சொன்னாள். அதன்பிறகு நான் சொன்னதையெல்லாம் அவளே மாற்றிச் சொன்னாள், நான் கேட்கவில்லை. தலைக்குக் கீழே துவாயை மடித்து வைக்கவேண்டும். அமத்திப் பிடிக்கக்கூடாது. வாய்க்குள் கரண்டியோ தண்ணீரோ ஒன்றும் வேண்டாம், எங்கள் ஆட்கள் சொல்லுகிற மாதிரி உள்ளங்கையில் பூட்டுத் திறக்கிற இரும்புத் திறப்பும் வேண்டாம். உதறல் அடங்கியதும் பக்கவாட்டில் திருப்பிவிடவேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், நீண்டுகொண்டு போனால் அம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். விட்டுவிட்டு மட்டும் போகக்கூடாது.

சம்பந்தி எழும்பிச் சட்டையைத் தட்டினார். இப்போது நீங்கள் படுங்கள் என்றார். படுத்தேன். பெரிய கைகள், பலமான கைகள், ஆனால் முரடில்லை. துவாயை வைத்தார், என்னைத் திருப்பினார், முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவர் மகளிடம் ஏதோ கேட்பது கேட்டது.

மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். "நான் கண் முழிக்கேக்கை நீங்கள் என்ன சொல்லுறனீங்கள் எண்டு கேக்கிறா."

நான் சொல்லத் தொடங்குமுன் மகளே அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஒவ்வொரு சொல்லாக, பிறகு அதன் கருத்தையும். ஒரு சொல்லும் பிசகவில்லை. நான் சொல்வது அந்த மயக்கத்தில் அவளுக்குக் கேட்கிறதா என்றே இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது.

சம்பந்தி குனிந்து என் காதுக்குப் பக்கத்தில், தட்டுத்தடுமாறி, தமிழில் சொன்னார். "அம்மா இஞ்சை நிக்கிறன். பயப்பிடாதை."

அழுதுவிட்டேன். கண்ணீர் மூக்கைத் தாண்டி ஓடித் துவாயில் விழுந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொருக்கால் சொல்லட்டும் என்று அப்படியே கிடந்தேன்.