ஊறப்போட்ட பெயிண்ட்

என் மாமனாருக்கு உலகத்தில் பிடித்தவை இரண்டு: அவருடைய பழைய சிவப்பு டிராக்டர், எங்கள் ஊர் மாதா. எது முதலிடம் என்று கேட்டு யாரும் அவரைச் சங்கடப்படுத்தியதில்லை. திருவிழா அன்று சாயங்காலம் மாதாவின் சப்பரத்தை இழுப்பது அந்த டிராக்டர்தான். நான் கல்யாணமாகி வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அப்படித்தான்.

அந்த டிராக்டரைப் பற்றி மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால், அது ஓடும். ஹேண்ட் பிரேக் என்று ஒரு கம்பி இருந்தது. மாமா அதில் துண்டைத் தொங்கவிடுவார். சப்பரம் தெருவுக்குத் தெரு நிற்கும், ஜெபம் சொல்வார்கள். அந்த நேரமெல்லாம் மாமா கால் பிரேக்கை மிதித்தபடி முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். சக்கரம் உருளாமல் அண்டை கொடுக்கக் கருங்கல் ஒன்று உண்டு. ஏரிக்கரை ஏற்றத்தில் ஒரு வருஷம் அது வழுக்கிக்கொண்டு போனதிலிருந்து அவர் அதை நம்புவதில்லை. காலை எடுத்தால் மாதா நேராக ஏரிக்குத்தான் போவாள் என்பார்.

என் வீட்டுக்காரர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்தார். பொம்மைகளைச் சூளையில் வைக்கும் முன்பு, பளபளப்பு வருவதற்காகக் கிளேஸ் என்கிற கலவையில் முக்கி எடுப்பார்கள். அந்தக் கலவை இவர் பொறுப்பு. காலை பஸ்ஸில் போய், தலையெல்லாம் வெள்ளை மாவோடு சாயங்கால பஸ்ஸில் வருவார். தனக்குக் கலவை தெரியும் என்பதை மற்றவர்களுக்குத் தெரியப்படுத்தாமல் இவரால் ஒரு வாய் சாப்பிட முடியாது. நான் வைக்கிற சாம்பாரைக்கூடக் கரண்டியில் தூக்கி ஊற்றிப் பார்த்து, ஓட்டம் சரியில்லை என்பார்.

எங்கள் வீட்டுக்கு முதல் செல்போன் வந்த வருஷம், அந்த உற்சாகத்திலேயே டிராக்டருக்கும் புது பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று இவருக்குத் தோன்றியது. திருவிழா நெருங்கிவிட்ட நேரத்தில் சாதா எனாமலை வாங்கிவந்து துருவின் மேலேயே பூசினார். ஆவணி மாதத்து மழை ஈரம். பெயிண்ட் காய்ந்த மாதிரி நடித்தது. திருவிழா அன்று பங்குச் சாமியார் ஜெபத்தை முடித்துவிட்டு, அசதியாக மட்கார்டில் கொஞ்சம் சாய்ந்தார். அவர் திரும்பி நடந்தபோது வெள்ளை அங்கியில், உட்காருகிற இடத்தில், பெரிய சிவப்பு வட்டம். பாட்டுக் குழுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் முக்காட்டுக்குள் சிரித்தேன்.

மாமா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறு கோயில் கமிட்டி கூடி, இனிமேல் பக்கத்து ஊரான மங்களூர்க்காரர் ஒருவரின் புது டிராக்டர் சப்பரம் இழுக்கும் என்று முடிவு செய்தது. அன்றோடு மாமா பூசைக்குப் போவதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவார். மகனோடும் பேச்சில்லை. இவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவனுக்கு இன்னும் சோறு வேண்டுமா கேள் என்று மாமா என்னிடம் சொல்வார். ஒரு வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் முறுக்கிக்கொண்டால் தபால் வேலை மருமகள் தலையில் விழுகிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. மணி அடிக்கும்போது அவர் வரப்பில் தனியாக நிற்பதைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் நானே சாமியாரைப் போய்ப் பார்த்தேன். கொடியேற்றத்துக்குள் வண்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். கையில் ஒட்டாவிட்டால் அதுவே இழுக்கலாம், ஒட்டினால் மங்களூர் டிராக்டர்தான் என்றார். அந்த அங்கியை அவர் இன்னும் மறக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

இந்தத் தடவை இவர் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் விட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். உப்புத்தாள் தேய்த்து, மறுபடி துரு ஏறாமலிருக்க ரெட் ஆக்ஸைடு அடித்துக் காயவிட்டார். விருத்தாசலம் கடையில் சிவப்பு பெயிண்ட்டோடு ஹார்டனர் என்று ஒரு சின்ன டின்னும் கொடுத்திருந்தார்கள். பெயிண்ட்டில் அதைச் சேர்த்தால் சீக்கிரம் இறுகும், கையில் ஒட்டாது, டீசல் சிந்தினாலும் பளபளப்பு போகாது. ஆனால் கலந்ததும் அடித்துவிட வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். டின்னிலும் அதையேதான் அச்சடித்திருந்தது.

பீங்கான் பட்டறைக்காரர்களுக்கு இது ஏறவே ஏறாது. கிளேஸை முந்தின நாளே கலக்கி வைப்பார்கள். ஊறி, குமிழியெல்லாம் அடங்கி, காலையில் வடிகட்டி எடுத்தால்தான் பூச்சு திட்டுத்திட்டாக இல்லாமல் வரும். சனிக்கிழமை சாயங்காலம் இவர் பிளாஸ்டிக் வாளியில் பெயிண்ட் முழுவதையும் ஊற்றினார். ஹார்டனர் முழுவதையும் ஊற்றினார். சவுக்குக் குச்சியால் கலக்கு கலக்கு என்று கலக்கி, குச்சியை உள்ளேயே விட்டு, மேலே சாக்கைப் போட்டார். ஒடனே அடிக்கணும்னாங்களே என்று கேட்டேன்.

"கடக்காரனுக்கு விக்கத்தான் தெரியும். ஊறுனாத்தான் அது கலவ" என்றார்.

மறுநாள் காலை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, ஆபரேஷன் பண்ணப் போகிற டாக்டர் மாதிரி வந்தார். சாக்கை எடுத்தார். குச்சியைப் பிடித்துத் தூக்கினார். வாளியும் கூடவே வந்தது. ஆட்டிப் பார்த்தார், வாளி குச்சியில் ஊசலாடியது. கோயில் மணி அடித்தது. மண்வெட்டியோடு கிளம்பிய மாமா நின்று, கிட்டே வந்து, மண்வெட்டிக் காம்பால் பெயிண்ட்டைத் தட்டிப் பார்த்தார். டொக்கென்று கேட்டது. பிறகு, கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழித்து, மகன் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினார்.

"ஏன்டா, இத வண்டிக்குப் பூசப் போறியா, கொல்லையில நடப் போறியா?"

கலவை பற்றி இவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுபடி பெயிண்ட், மறுபடி ஹார்டனர். இந்தத் தடவை மாமா தண்ணீர் கட்டப் போகவில்லை, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். என் எவர்சில்வர் சொம்பில் கொஞ்சம் கலப்பது, அது தீரும்வரை அடிப்பது, பிறகு அடுத்த சொம்பு. சொம்பு அதோடு காலி. பேனட், மட்கார்டு, சக்கரத்து நடுவட்டம் எல்லாம் சிவந்து, முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. காய்ந்ததும் மாமா நகத்தால் கீறினார், வேட்டியால் தேய்த்தார். ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு இன்னும் சோறு வேண்டுமா என்று மகனிடமே கேட்டார்.

கொடியேற்றத்துக்கு முன்னால் வண்டி கோயில் வாசலில் போய் நின்றது. சாமியார் கெட்டிக்காரர். முதலில் கமிட்டித் தலைவரை மட்கார்டில் உட்காரச் சொன்னார். வெள்ளை வேட்டி வெள்ளையாகவே எழுந்தது. அதற்குப் பிறகுதான் தானும் உட்கார்ந்து பார்த்து, சரி, நீங்களே இழுங்க என்றார்.

குச்சி நட்ட பெயிண்ட்டை இவர் குப்பையில் போடப் போனார், மாமா விடவில்லை. அரிவாளால் வாளியைக் கிழித்து எடுத்தார். உள்ளே கல்லும் ரப்பரும் பாதிப்பாதியாக ஒரு சிவப்புக் கட்டி. ஒரு பக்கத்தை ரம்பத்தால் சரிவாக அறுத்தார். இனிமேல் இதுதான் அண்டைக்கல், குச்சிதான் கைப்பிடி, செய்தவனே ஊர்வலம் முழுக்கத் தூக்கிக்கொண்டு வரட்டும் என்று சொல்லிவிட்டார். அப்படியே நடந்தது. மாதாவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட என் வீட்டுக்காரர் தன் கலவையைத் தொங்கவிட்டபடி நடந்தார். பார்த்தவர்கள் எல்லோரும் அது என்ன என்று கேட்டார்கள். விளக்கம் சொல்லும் பொறுப்பை நான் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்.

ஏரிக்கரை ஏற்றத்தில் சப்பரம் நின்றது. இவர் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டியைச் செருகி, குச்சியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நிக்குமாடா?" என்றார் மாமா.

"நிக்கும்பா."

மாமா பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுத்தார். வண்டி அசையவில்லை. பிறகு எழுந்து, சீட்டின் மேலேயே திரும்பி நின்று, கையைக் கூப்பி, ஜெபம் முடிகிறவரை மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி உட்காரும்போது குனிந்து மகனிடம் சொன்னார்.

"இம்மாம் வருசமா இழுக்கறன். சப்பரத்துல அவ மூஞ்சிய இன்னைக்குத்தான்டா பாத்தன்."

இவர் குச்சியை விடாமல் தலையைக் குனிந்துகொண்டார். நான் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டேன். இந்தத் தடவை சிரிப்பதற்கு இல்லை.