இரண்டு தறிக்கு மூன்று பேர்

எழுபதுகளின் தொடக்கம். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நிறுவனத்தில் நான் மேனேஜர். வணிகவியல் பட்டம் பெற்றவன் என்பதால் சென்னையில் இருந்த முதலாளிக்கு என்மேல் தனி நம்பிக்கை. என் அலுவலகம் கடைத்தெருவில். நிறுவனத்தின் பதினெட்டுத் தறிகளும் பிள்ளையார்பாளையத்தில் ஒரு கூடத்தில் இருந்தன. அங்கே நான் போவதே அபூர்வம்.

அந்த ஆண்டு பெங்களூரிலிருந்து வரும் பட்டு நூல் குறைந்துகொண்டே போனது. ஆறு தறிகளை நிறுத்தும்படி முதலாளி எழுதினார். மெதுவாக நெய்கிற ஆறு பேரின் பெயரை ஒரு தாளில் எழுதினேன். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அமாவாசையன்று தறி ஓடாது, கூடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். அதனால் முதல் நாள் மாலை ஆள் அனுப்பி, இனி வர வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். கூட்டமாகக் கூடிச் சண்டை போட வழியில்லாமல் செய்துவிட்டேன் என்று உள்ளூரப் பெருமை வேறு. யாரும் சண்டைக்கு வரவும் இல்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். நெய்து வந்த புடவைகளை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அரக்கு நிறப் புடவை ஒன்றில் பாதி வரை நெசவு நெருக்கமாக இருந்தது, அதற்குமேல் லேசாக இளகியிருந்தது. குறுக்கே ஓடும் ஊடை நூலை அடித்து இறுக்கும் கை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரே புடவையில் இரண்டு பேருடைய கை. எனக்குத் தெரியாமல் யாரோ தறியில் உட்காருகிறார்கள் என்று புரிந்தது. கோபத்தோடு கூடத்துக்குப் போனேன்.

நான் வேலையைவிட்டு நீக்கிய ஒருவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். மற்ற தறிகளும் ஒவ்வொன்றாக நின்றன.

அவர் மறைக்கவில்லை. அந்தத் தறிக்காரருக்குக் காய்ச்சலாம். இல்லாவிட்டால் ஒரு புடவை முடிந்த பிறகே ஆள் மாறுவார்களாம். அப்படி மாறினால் எனக்குத் தெரியாது அல்லவா?

"ரெண்டு தறிக்கு மூணு பேரு, சார். அந்த அமாவாசைலேர்ந்து இப்படித்தான் ஓடிக்கினு இருக்குது," என்றார்.

பன்னிரண்டு தறி, பதினெட்டு ஆள். யாருக்கும் முழு வேலை இல்லை, யாருக்கும் வேலை இல்லாமலும் இல்லை. பின்னாலிருந்து ஒரு குரல், "வூட்ல இருக்கற நாளு ஜாஸ்தியாச்சுபா, பொண்டாட்டி திட்டும் ஜாஸ்தியாச்சு," என்றது. சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க எங்கள கேக்கலியே, சார். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்போம்," என்றார் எழுந்து நின்றவர்.

முதலாளிக்கு எழுதத்தான் வேண்டும் என்று நான் முறைப்பாகச் சொன்னபோது, காய்ச்சல்காரருக்குப் பக்கத்துத் தறிக்காரர் குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். அவர் பெயர் என் தாளில் இல்லை.

"எழுதுங்க சார். ஆனா ஆறு பேருன்னு எழுதாதீங்க. பதினெட்டு பேருன்னு எழுதுங்க."

சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு நின்ற மனிதர்கள் அவர்கள். நான் எழுதவில்லை. அந்தப் புடவையையும் குறை சொல்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

சில மாதங்களில் நூல் வந்தது. ஆட்களை வேலையைவிட்டு அனுப்பிய மற்ற நிறுவனங்கள், கூலி வேலைக்குப் போய்விட்ட நெசவாளர்களைத் தேடி அலைந்தன. எங்கள் பதினெட்டுத் தறிகளும் மறுநாளே ஓடின. நேரில் வந்த முதலாளி, ஒரு நெசவாளியைக்கூட இழக்காமல் காப்பாற்றினாயே, இதுவல்லவா நிர்வாகம் என்று எல்லோர் முன்னிலும் என்னைத் தட்டிக்கொடுத்தார். பதவியும் உயர்ந்தது.

நெசவாளர்களும் அங்கே நின்றிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். அவர்கள் பேசாமல் இருந்தது பெருந்தன்மை, நான் பேசாமல் இருந்தது திருட்டு என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வயதாகியிருக்கிறது.